தர்ம ஆஸ்பத்திரியும் சந்தாச் சீட்டும்

தஞ்சை வட்டாரத்து முதியோரிடம் அரசு மருத்துவமனைக்குத் ‘தர்ம ஆஸ்பத்திரி’ என்ற பெயர் இன்னும் வழக்கில் இருக்கிறது. காசு வாங்காமல் வைத்தியம் பார்க்கும் இடம் என்று பொருள். அச்சொல்லில் நன்றி உண்டு. சற்றே இளக்காரமும் உண்டு. தர்மத்துக்குக் கிடைப்பதில் குறை சொல்லலாமா என்ற ஒடுக்கமும் அதில் ஒளிந்திருக்கிறது. ஆனால் சோழ மண்டலத்தின் ஆயிரம் ஆண்டுக் கணக்கைப் புரட்டிப் பார்ப்போமானால், தமிழ் நிலத்தில் நிலைத்து நடந்த மருத்துவச் சாலைகள் எவையும் அவ்வப்போது மடியவிழ்த்து இட்ட பிச்சையால் நடந்தவை அல்ல என்பது புலப்படும். விளைந்த நெல்லில் ஒரு பங்கு, நோய் வருமுன்னரே, இதற்கென்று எடுத்து வைக்கப்பட்டிருந்தது.

நோயாளி படுத்தபின் பணம் கேட்பதா, படுக்குமுன்பே சேர்த்து வைப்பதா? சேர்த்து வைப்பதென்றால் யாரிடம் சேர்ப்பது? சேர்த்ததை எதற்குச் செலவிடுவது? அரசு மருத்துவம் மேலா, தனியார் காப்பீடு மேலா என்று இன்று நடக்கும் விவாதம் பெரும்பாலும் இம்மூன்று கேள்விகளுக்குள் அடங்கிவிடும். காவிரிப் படுகையும் அதைச் சூழ்ந்த தமிழ் நிலமும் இவற்றுக்கு வெவ்வேறு காலங்களில் வெவ்வேறு விடைகளைத் தந்திருக்கின்றன. அவற்றை வரிசையாக வைத்துப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

நெல்லில் அளந்த வைத்தியம்

இராசராச சோழனின் தமக்கை குந்தவைப் பிராட்டியார், தம் தந்தை சுந்தர சோழன் பெயரால் தஞ்சாவூரில் ஓர் ஆதுலசாலை அமைத்து, அதன் பராமரிப்புக்கு நிலக்கொடையும் அளித்தார். ஆதுலர் என்றால் நோயுற்றோர். ஆதுலசாலை என்றால் மருத்துவமனை. இங்கே நாம் கவனிக்க வேண்டியது கொடையின் வடிவம். வைத்தியருக்கு ஒருமுறை பொன் கொடுத்து அனுப்பவில்லை. ஆண்டுதோறும் விளையும் நிலத்தை எழுதி வைத்தார்கள். அந்நிலத்தின் நெல் வரும்வரை சாலையும் நடக்கும் என்பது ஏற்பாடு.

இவ்வேற்பாட்டின் உட்கணக்கு விரிவாகக் கிடைப்பது சோழநாட்டுக்கு வடக்கே, பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில். வீரராசேந்திரன் (1063–1070) காலத்துக் கல்வெட்டு ஒன்று, அங்கிருந்த ‘வீரசோழன்’ என்னும் ஆதுலசாலையைப் பற்றிப் பேசுகிறது. 15 படுக்கைகள். கோதண்டராமன் அசுவத்தாம பட்டன் என்ற வைத்தியருக்கு ஆண்டுக்கு 90 கலம் நெல்லும் 8 காசும். ‘சல்லியக்கிரியை பண்ணுவான்’ எனப்பட்ட அறுவை வைத்தியருக்கு 30 கலம் நெல். மூலிகையும் விறகும் கொண்டுவந்து மருந்து காய்ச்சுவோர், நோயாளிகளைப் பார்த்துக்கொள்ளும் பெண்கள், நாவிதர், தண்ணீர் எடுப்பவர் என்று ஒவ்வொருவருக்கும் தனித்தனியே ஊதியம். ஓராண்டுக்கு இருப்பில் இருக்க வேண்டிய மருந்துகளின் பட்டியலும் உண்டு. தசமூல ஹரீதகி, பில்வாதி கிருதம், மண்டூர வடகம் என்று அது நீளுகிறது. இரவில் எரியும் விளக்குக்கும் ஒதுக்கீடு இருந்தது.

ஓர் ஒப்பீட்டுக்காகச் சொல்வதானால், தஞ்சைப் பெரிய கோயிலில் இராசராசன் குடியமர்த்திய தளிச்சேரிப் பெண்டுகள் 400 பேருக்கும் ஆளுக்கு ஒரு பங்கு, அதாவது 100 கலம் நெல் ஏற்பட்டிருந்தது. காலமும் இடமும் வேறு என்பதால் இரண்டையும் நேருக்கு நேர் நிறுத்த முடியாது. ஆயினும் வைத்தியரும் நிலையான ஊதியம் பெற்ற ஊழியர்களுள் ஒருவராகவே கருதப்பட்டார் என்பதற்கு இது போதும்.

இக்கணக்கில் ஒரு செலவினம் மட்டும் இல்லை. இன்ன நோய்க்கு இன்ன விலை என்று எதுவும் குறிக்கப்படவில்லை. பத்துப் பேர் படுத்தாலும் பதினைந்து பேர் படுத்தாலும் வைத்தியருக்கு அதே 90 கலம். யாரும் நோயுறாத மாதத்திலும் அவர் அங்கே இருக்க வேண்டும். மருந்தும் இருப்பில் இருக்க வேண்டும். நோயை விலைக்கு வாங்காமல் ஆளை நிறுத்தி வைக்கும் முறை என்று இதைச் சொல்லலாம். பின்னால் வரப்போகும் ஒப்பீட்டுக்கு இந்த வேறுபாடு மிக முக்கியம்.

அக்காலத்தைப் பொற்காலம் என்று கொண்டாடிவிடவும் வேண்டாம். திருமுக்கூடல் சாலை அக்கோயிலைச் சார்ந்த கல்விச்சாலை மாணாக்கருக்கும் கோயில் பணியாளருக்கும் உரியது. நிறுவனத்தின் வேலிக்குள் இருந்தவருக்குப் படுக்கை கிடைத்தது. அந்த நெல்லை விளைவித்தவர் பெயர் பயனாளிகளின் வரிசையில் இல்லை. இந்த வேலி பின்னாளிலும் வேறு வடிவில் வரும்.

சத்திரங்களின் காலம்

மராட்டியர் ஆட்சியில் இந்த வேலி சற்றே தளர்ந்தது. இரண்டாம் சரபோசி (1798–1832) தஞ்சையில் தன்வந்திரி மகால் அமைத்துச் சித்தம், ஆயுர்வேதம், யுனானி, ஆங்கில வைத்தியம் நான்கையும் ஒரே கூரையின்கீழ் வைத்தார். அங்கே சோதித்துத் தொகுத்த முறைகளே பின்னர் ‘சரபேந்திர வைத்திய முறைகள்’ என்ற வரிசையாகச் சரசுவதி மகால் வழியே அச்சேறின. கண் நோயாளிகளைப் பற்றிய பதிவேடுகளும் ஓவியங்களும் அந்நூலகத்தில் இன்றும் உள்ளன.

அதைவிடப் பரவலான அமைப்பு சத்திரங்கள். இராமேசுவரம் செல்லும் யாத்திரிகர்களுக்காகத் தஞ்சை மன்னர்கள் வழியெங்கும் சத்திரம் கட்டினர். ஒரத்தநாட்டு முத்தாம்பாள் சத்திரம் அவற்றுள் புகழ் பெற்றது. சோறு மட்டும் போட்ட இடங்களல்ல இவை. வழியில் நோயுற்றவருக்கு வைத்தியமும் கருவுற்ற பெண்களுக்குக் கவனிப்பும் அங்கே கிடைத்தன. ஒவ்வொரு சத்திரத்துக்கும் மானிய நிலம் உண்டு. வருபவர் இன்னார் என்று தெரியாது, எத்தனை பேர் என்றும் தெரியாது. ஆனால் நெல் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டிருக்கும். தஞ்சை அரசு 1855இல் முடிவுக்கு வந்த பின்னும் இந்த நிலங்கள் அரசு நிர்வாகத்தில் தொடர்ந்தன என்பது, மன்னர் போனாலும் மானியம் நின்றுவிடாத வலுவான ஏற்பாடு அது என்பதைக் காட்டுகிறது.

நிலவரியும் மிராசுதாரும்

ஆங்கிலேயர் ஆட்சியில் நெல் ரூபாயாக மாறியது. சென்னை மாகாணத்தில் 1871இல் தல நிதிச் சட்டமும் 1884இல் தல வாரியச் சட்டமும் வந்தன. நிலவரியின் மேல் ஒரு சிறு தீர்வை கூட்டி வசூலித்து, அதிலிருந்து சாலை, பள்ளிக்கூடம், மருந்தகம் முதலியவற்றை நடத்துவது அவற்றின் ஏற்பாடு. ‘லோக்கல் பண்டு ஆஸ்பத்திரி’ என்று அந்நாளில் மக்கள் சொன்னது இவற்றைத்தான். நெல் விளையும் மாவட்டமான தஞ்சையில் நிலவரியே பெரிய வருவாய். ஆகவே இங்குள்ள மருந்தகச் செலவின் பெரும்பகுதி வயலிலிருந்து வந்தது என்று கொள்வதில் தவறில்லை.

தஞ்சை நகரத்தின் ராஜா மிராசுதார் மருத்துவமனை 19ஆம் நூற்றாண்டின் கடைப்பகுதியில் எழுந்தது. அரச குடும்பமும் மிராசுதார்களும் கொடுத்தார்கள் என்பதைப் பெயரே சொல்கிறது. நன்கொடை கொடுத்தவர் பெயர் கட்டடத்தில் நிற்பது முறைதான். ஆனால் மிராசுதாரின் கை வழியே வந்த பணம் வாரக்குடியின் களத்திலும் பண்ணையாளின் முதுகிலும் விளைந்தது என்பதையும் நாம் மறக்கலாகாது. தர்மம் என்ற சொல் கொடுத்தவரின் கையைக் காட்டி, விளைவித்தவரின் கையை மறைத்துவிடுகிறது.

இதே காலத்தின் இன்னொரு சாதனையையும் குறிப்பிட வேண்டும். காவிரிப் படுகை ஒரு காலத்தில் வாந்திபேதி ஓயாத நிலம். சென்னை மாகாணம் 1939இல் பொதுச் சுகாதாரச் சட்டம் கொண்டுவந்து, நோய் தீர்ப்பதற்கு வேறாக, நோய் தடுப்பதற்கென்றே தனித்துறையை வலுப்படுத்தியது. குடிநீரில் குளோரின் கலப்பதும் தடுப்பூசி போடுவதும் யாருடைய மருத்துவ ரசீதிலும் வருவதில்லை. வாந்திபேதி வராத வீட்டுக்கு எவ்வளவு மிச்சம் என்று எந்தக் காப்பீட்டு நிறுவனமும் கணக்கெழுதுவதில்லை. ஆனால் மருத்துவச் செலவை மிக அதிகமாகக் குறைப்பது இத்தகைய செலவே.

இரு அறிக்கைகள், இரு பாதைகள்

நோய்க்கு முன்கூட்டிப் பணம் சேர்ப்பதில் ஐரோப்பாவில் இரண்டு முறைகள் உருவாயின. செருமனியில் பிசுமார்க் 1883இல் கொண்டுவந்தது சந்தா முறை: தொழிலாளியும் முதலாளியும் மாதந்தோறும் செலுத்துவார்கள், நோயுற்றால் அந்த நிதி கொடுக்கும். பிரிட்டனில் பெவரிட்ஜ் அறிக்கையை (1942) ஒட்டி 1948 சூலை 5 அன்று தொடங்கிய தேசிய சுகாதாரச் சேவை, வரிப்பணத்திலிருந்து எல்லோருக்கும் மருத்துவம் என்றது.

இந்தியாவில் இவ்விரு சிந்தனைகளும் ஏறத்தாழ ஒரே சமயத்தில் காகிதத்தில் ஏறின. ஆலைத் தொழிலாளருக்கான காப்பீடு பற்றிப் பேராசிரியர் அதார்க்கர் 1944இல் அறிக்கை தந்தார். அதிலிருந்து 1948இல் தொழிலாளர் அரசுக் காப்பீட்டுச் சட்டம், அதாவது நாம் இ.எஸ்.ஐ. என்று அறிந்த ஏற்பாடு, பிறந்தது. மறுபுறம் சர் சோசப் போர் தலைமையிலான குழு 1946இல் தன் அறிக்கையை அளித்தது. நம் ஆற்காடு லட்சுமணசாமி முதலியாரும் அதில் ஓர் உறுப்பினர். பணம் கொடுக்க இயலாது என்ற காரணத்தால் எவருக்கும் மருத்துவம் மறுக்கப்படலாகாது என்பது அக்குழுவின் அடிப்படை. கிராமத்து மக்களில் பெரும்பாலோர் சந்தா செலுத்தும் நிலையில் இல்லை என்பதால், அரசு வருவாயிலிருந்தே மருத்துவ அமைப்பைக் கட்ட வேண்டும் என்று அது கருதியது. ஆரம்ப சுகாதார நிலையம் என்ற அமைப்பு அச்சிந்தனையின் வழிவந்தது.

இந்தப் பிரிவில் தஞ்சை எந்தப் பக்கம் விழுந்தது? இ.எஸ்.ஐ. சட்டம் ஆலைகளுக்கானது, பருவகால ஆலைகளுக்குக்கூட அதில் விலக்கு. குறுவை, சம்பா, தாளடி என்று பருவத்தையே நம்பி வாழும் நடவாளுக்கும் அறுவடையாளுக்கும் நிரந்தர முதலாளி யார்? மாதச் சம்பளம் எது? பின்னாளில் அச்சட்டத்தின் சந்தா விகிதம் தொழிலாளிக்கு 0.75 விழுக்காடு, முதலாளிக்கு 3.25 விழுக்காடு என்று 2019இல் குறைக்கப்பட்டபோதும் அது வயலில் இறங்குபவரைத் தொடவில்லை. திருமுக்கூடலில் நாம் கண்ட வேலி இங்கே ஆலைச் சுவராக நின்றது. கோவை நூற்பாலைத் தொழிலாளிக்குச் சந்தாவினால் கிடைத்தது, கீழத்தஞ்சை விவசாயத் தொழிலாளிக்கு வரிப்பணத்தால் நடக்கும் மருத்துவமனை வழியாக மட்டுமே கிடைக்க முடிந்தது. 1959இல் தஞ்சை மருத்துவக் கல்லூரி தொடங்கப்பட்டதை இந்தப் பின்னணியில் வைத்துப் பார்த்தால்தான் அதன் பெருமை விளங்கும். படுகைக்கு அரசு மருத்துவமனை என்பது பல தெரிவுகளுள் ஒன்றாக இருக்கவில்லை. பெரும்பாலோருக்கு அது ஒன்றுதான் இருந்தது.

சந்தாச் சீட்டு வந்த கதை

பொதுக் காப்பீட்டுத் தொழில் 1973 தொடக்கத்தில் நாட்டுடைமையாயிற்று. அரசு நிறுவனங்களே 1986இல் ‘மெடிகிளெய்ம்’ என்ற மருத்துவக் காப்பீட்டை விற்கத் தொடங்கின. 1999இல் சட்டம் மாறி, 2000 முதல் தனியார் நிறுவனங்கள் நுழைந்தன. 2006இல் சென்னையில் ஸ்டார் ஹெல்த் நிறுவனம் மருத்துவக் காப்பீட்டுக்கென்றே தனியாகத் தொடங்கப்பட்டது.

காப்பீடு எப்படி வேலை செய்கிறது என்று படுகை உழவருக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. பயிர்க் காப்பீடு அவருக்கு அதைக் கற்றுக்கொடுத்திருக்கிறது. வயலில் தண்ணீர் நின்று பயிர் அழுகினால் மட்டும் இழப்பீடு வந்துவிடாது என்ற நிலை பல ஆண்டுகள் இருந்தது. அறுவடைப் பரிசோதனையில் அந்தப் பகுதியின் சராசரி விளைச்சல் குறைந்ததாகப் பதிவாக வேண்டியிருந்தது. தன் வயல் மூழ்கி, சராசரி மூழ்காமல் நின்றுவிட்டால், கட்டிய சந்தா கட்டியதுதான். ‘நட்டம்’ என்பதற்கு உழவர் கொள்ளும் பொருள் ஒன்று, சீட்டில் எழுதியிருக்கும் பொருள் வேறு.

மருத்துவக் காப்பீட்டிலும் இதே தன்மை உண்டு. சந்தா கட்டுபவரின் வயது ஏற ஏறச் சந்தாவும் ஏறும். மருத்துவம் அதிகம் தேவைப்படும் காலத்திலேயே சீட்டின் விலை மிக அதிகம். முன்பே இருந்த நோய்க்குக் காத்திருப்புக் காலம் உண்டு. அது நான்கு ஆண்டுவரை இருக்கலாம் என்றிருந்ததை மூன்றாண்டாக 2024இல் குறைத்தார்கள். தனிநபர் சந்தாவின் மேல் இருந்த 18 விழுக்காடு சரக்கு மற்றும் சேவை வரி 2025 செப்டம்பர் 22 முதல் நீக்கப்பட்டது. இவை நல்ல மாற்றங்களே. எனினும் சீட்டின் அடிப்படை மாறவில்லை: நோய்க்கு ஒரு விலை உண்டு, அவ்விலையில் இன்ன பகுதியை இன்ன நிபந்தனையில் நாங்கள் தருவோம் என்பதே அது. மருத்துவமனையை நடத்தும் பொறுப்பு சீட்டு விற்றவருக்கு இல்லை.

இம்முறையை உச்சம்வரை கொண்டுசென்ற நாடு அமெரிக்கா. அங்கே மொத்த உற்பத்தியில் 17 விழுக்காட்டுக்கு மேல் மருத்துவத்துக்குப் போகிறது. பிரிட்டனில் அது ஏறத்தாழ 11 விழுக்காடு. பிரிட்டனில் குடியிருக்கும் அனைவருக்கும் மருத்துவம் உண்டு. அமெரிக்காவிலோ 2023இல் இரண்டரைக் கோடிக்கு மேற்பட்டோர் காப்பீடே இல்லாமல் இருந்தனர். 2010இல் ஒபாமா கொண்டுவந்த சட்டம், சந்தாவில் குறைந்தது 80 அல்லது 85 விழுக்காட்டை மருத்துவத்துக்கே செலவிட வேண்டும் என்று நிறுவனங்களைக் கட்டாயப்படுத்தியது. எஞ்சிய பங்கு அலுவலகம், விளம்பரம், இலாபம் முதலியவற்றுக்குப் போகலாம் என்று சட்டமே ஒப்புக்கொண்டதாகும் இது. பிரிட்டனிலும் குறையில்லாமல் இல்லை. அங்கே காத்திருப்போர் பட்டியல் நீளமானது. பணத்தால் கொடுக்காத விலையை நோயாளி காலத்தால் கொடுக்கிறார்.

ஒரு படுக்கையின் விலை எத்தனை நாள் கூலி?

இனி நம் நாட்டுக் கணக்கைப் பார்ப்போம். தேசிய மாதிரி ஆய்வின் 75ஆம் சுற்று (2017–18), இந்தியக் கிராமப்புறங்களில் ஒருவர் மருத்துவமனையில் தங்கி வைத்தியம் பார்த்துக்கொள்ள வீட்டுக்கு ஆகும் சராசரி மருத்துவச் செலவைத் தந்திருக்கிறது. அரசு மருத்துவமனையில் ரூ.4,290, தனியாரில் ரூ.27,347. மகப்பேறு இதில் சேரவில்லை. பேருந்துச் செலவும் உடனிருப்பவரின் சாப்பாடும் இழந்த கூலியும் சேரவில்லை.

அதே ஆண்டில் தமிழ்நாட்டில் நூறுநாள் வேலைத் திட்டத்தின் நாட்கூலி ரூ.205. அந்தக் கூலியில் அளந்தால், அரசு மருத்துவமனைப் படுக்கை ஏறக்குறைய 21 நாள் உழைப்பு. தனியார் படுக்கை 133 நாள் உழைப்பு. சட்டம் ஒரு குடும்பத்துக்கு ஆண்டு முழுவதற்கும் உறுதியளித்ததே 100 நாள்தான். அதாவது வீட்டில் ஒருவர் ஒரே ஒருமுறை தனியாரில் படுத்தால், ஓராண்டு உத்தரவாதக் கூலி முழுவதும் போய், மேலும் 33 நாள் கடன் நிற்கும். அந்தக் கடன் நகையாகவோ ஆடாகவோ வட்டியாகவோ வீட்டைவிட்டு வெளியேறும்.

இவ்வெண்களை இன்னும் கொஞ்சம் கவனமாகப் படிக்க வேண்டும். இரண்டு இடங்களிலும் ஒரே வகை நோய்களே பார்க்கப்படுகின்றன என்று சொல்ல முடியாது. அரசு மருத்துவமனையில் வீட்டார் கொடுத்தது ரூ.4,290 என்றால் வைத்தியத்தின் உண்மைச் செலவு அவ்வளவுதான் என்றும் ஆகாது. மருத்துவர் சம்பளமும் கட்டடமும் கருவிகளும் வரிப்பணத்தில் எழுதப்பட்டிருக்கின்றன. ஆகவே அரசு மருத்துவம் மலிவாகத் தோன்றுவதற்கு ஒரு காரணம், செலவு வேறொரு ஏட்டில் இருப்பது. ஆனால் அந்த ஏட்டையும் சேர்த்துக் கூட்டினாலும் மலிவாக இருப்பதற்கு வலுவான காரணங்கள் உண்டு. சம்பளத்தில் இருக்கும் மருத்துவருக்கு ஓர் அறுவையைக் கூட்டிச் செய்வதால் வருவாய் கூடாது. மருந்தை மொத்தமாக வாங்கலாம். இரண்டாவது காரணத்துக்குத் தமிழ்நாடே சான்று.

தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் 1994இல் நிறுவப்பட்டு 1995 முதல் இயங்கி வருகிறது. அதன் முறை எளியது. இன்றியமையாத மருந்துகளுக்கு ஒரு பட்டியல். வணிகப் பெயரில் அல்லாமல் மூலப்பெயரில் மாநிலம் முழுவதற்கும் ஒரே ஒப்பந்தம். தரப் பரிசோதனைக்குப் பின் மாவட்டக் கிடங்குக்கு வழங்கல். ஒவ்வொரு மருத்துவமனைக்கும் ஒரு கணக்குப் புத்தகம், அதில் உள்ள ஒதுக்கீட்டுக்கு ஏற்ப எடுத்துக்கொள்ளல். பிற்பாடு கேரளமும் இராசத்தானும் இதே வழியைப் பின்பற்றின. ஒரு காப்பீட்டு நிறுவனம் ரசீதைப் பார்த்துப் பணம் தருகிறது. ரசீதில் எழுதப்படும் விலையை உடைப்பது இத்தகைய கொள்முதல்தான். திருமுக்கூடல் கல்வெட்டின் ஓராண்டு மருந்திருப்புப் பட்டியலை நினைத்துக்கொண்டால், இது எவ்வளவு பழைய யோசனை என்பதும் விளங்கும்.

வரிப்பணத்தில் சந்தா

இதற்கிடையே மூன்றாவது முறை ஒன்று பிறந்தது. 2009 சூலை 23 அன்று கலைஞர் காப்பீட்டுத் திட்டம் தொடங்கியது. 2012 சனவரி 11 முதல் அதன் இடத்தில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் வந்தது. குடும்பம் சந்தா கட்ட வேண்டாம், அரசே கட்டும். முன்னதில் ஸ்டார் ஹெல்த் என்ற தனியார் நிறுவனம், பின்னதில் யுனைடெட் இந்தியா என்ற பொதுத்துறை நிறுவனம். 2012இல் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுச் சந்தா ரூ.497, 2022இல் புதுப்பித்தபோது ரூ.849. மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் திட்டத்தோடு 2018இல் இணைக்கப்பட்டபின் காப்பு வரம்பு ரூ.5 லட்சமாயிற்று. தனியாளாகப் போய் இந்தச் சந்தாவுக்கு இவ்வளவு காப்பு எந்தக் குடும்பமும் வாங்க முடியாது. கோடிக்கு மேற்பட்ட குடும்பங்களை ஒரே சீட்டில் சேர்த்ததன் பயன் அது. இதய அறுவையையும் புற்றுநோய் வைத்தியத்தையும் கனவிலும் எண்ண முடியாதிருந்த வீடுகளுக்கு அது கதவைத் திறந்தது. இதைக் குறைத்துச் சொல்வது நன்றிகெட்ட செயல்.

ஆயினும் அதன் வடிவத்தைப் பார்க்க வேண்டும். இத்திட்டம் பட்டியலிட்ட சிகிச்சைக்கு விலை தருகிறது. ஆளை நிறுத்தி வைப்பதில்லை. நடவு வயலில் பாம்பு தீண்டியவருக்கு அரை மணி நேரத்துக்குள் விஷமுறிவு மருந்து வேண்டும். காய்ச்சலுக்கு அன்றே ஒரு மருத்துவர் வேண்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்துக்கும் மாதந்தோறும், வாழ்நாள் முழுவதும் மாத்திரை வேண்டும். ஏழை வீட்டின் மருத்துவச் செலவு பெரும்பாலும் இப்படிச் சிறுகச் சிறுகக் கரைவதுதான். அதற்குப் படுக்கை இல்லை, ஆகவே காப்பீட்டுத் தொகையும் இல்லை. 2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ மாத்திரையை வீட்டு வாசலுக்குக் கொண்டுசென்றபோது, அது காப்பீட்டின் வழியில் போகவில்லை; சம்பளம் பெறும் ஊழியரும் கழகத்தின் மருந்தும் என்ற பழைய வழியில்தான் போனது.

அரசு மருத்துவமனைகளும் இத்திட்டத்தில் சேர்ந்து, செய்த சிகிச்சைக்குத் தொகை பெறுகின்றன. அது கருவி வாங்கவும் கட்டடம் சீராக்கவும் உதவுகிறது. ஆனால் வரிப்பணம் நிறுவனத்துக்குப் போய், அங்கிருந்து அரசு மருத்துவமனைக்கே திரும்பி வரும் இந்தச் சுற்றுப்பாதையில் ஒரு கூலி கழிகிறது. இன்னொரு அபாயமும் உண்டு. தொகை வரும் நோய் கவனம் பெறும். தொகை வராத நோய் வராந்தாவில் காத்திருக்கும். தனியார் மருத்துவமனைக்குப் போகும் ஒவ்வொரு தொகையும், அரசு மருத்துவமனையில் அதே சிகிச்சைக்கு ஆளும் கருவியும் இல்லாமல் போனதன் விலை என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது.

நாடு முழுவதற்குமான கணக்கில், மக்கள் தம் கைக்காசிலிருந்து நேரே செலவிடும் பங்கு 2013–14இல் மொத்த மருத்துவச் செலவில் 64.2 விழுக்காடு, 2021–22இல் 39.4 விழுக்காடு. இறங்கியிருப்பது ஆறுதல். ஆனாலும் நூற்றுக்கு ஏறத்தாழ நாற்பது ரூபாய் இன்னும் நோயாளி படுத்த பிறகு, அவர் மடியைத் தடவி எடுக்கப்படுகிறது.

கடைமடை

ஒப்பீட்டின் முடிவு நமக்கு இப்படித் தோன்றுகிறது. வீட்டுக்கும் நாட்டுக்கும் சேர்த்து மலிவானது, வரிப்பணத்தில் ஆளையும் மருந்தையும் முன்கூட்டியே நிறுத்தி வைக்கும் முறை. சந்தா முறை, அரசே கட்டினாலும், அரிதாக வரும் பெருஞ்செலவுக்குத் துணையாக நிற்கலாம். அன்றாடத்துக்கு அது உதவாது. நிலையான மாதச் சம்பளக்காரர் தனியார் சீட்டு வாங்கிக்கொள்வது அவர் வசதி. ஆனால் அவர் அப்படி வெளியேறும்போது அரசு மருத்துவமனையைப் பற்றிக் கேள்வி கேட்கும் ஒரு குரலும் உடன் வெளியேறிவிடுகிறது என்பதை மட்டும் நினைவில் கொள்ள வேண்டும்.

அரசு முறையின் குறையைப் படுகை மக்களுக்கு அவர்கள் அறிந்த உவமையாலேயே சொல்லலாம். மேட்டூரில் சூன் 12 அன்று தண்ணீர் திறந்தால் போதாது. ஆறும் வாய்க்காலும் முன்பே தூர்வாரப்பட்டிருக்க வேண்டும். இல்லையேல் தலைமடை நனையும், கடைமடை காயும். அரசு மருத்துவமும் அப்படியே. தலைநகரத்து ஏட்டில் ஒதுக்கப்பட்ட பணம், வேதாரண்யத்துப் பக்கத்துச் சிற்றூர் நிலையத்துக்கு மருத்துவராகவும் மருந்தாகவும் போய்ச் சேர வேண்டும். காலிப் பணியிடம், பூட்டிய அறை, ‘வெளியே வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று எழுதித் தரும் சீட்டு, வண்டி தள்ளுவதற்குக் கேட்கப்படும் பத்து இருபது ஆகியவை இந்த வாய்க்காலில் படியும் தூர். இவை வீட்டார் கொடுக்கும் மறைமுகச் சந்தா. எந்த ஆய்விலும் முழுமையாக ஏறாதவை. தண்ணீர் வராத கடைமடைக்காரர் விலைக்கு நீர் வாங்கத் தொடங்குவதைப்போல, மருத்துவர் வராத ஊர்க்காரர் தனியாரிடம் போகிறார். அதற்காக அவரைக் குற்றம் சொல்ல முடியாது. வாய்க்காலை மூடிவிட்டு எல்லோருக்கும் நீர் வாங்கும் சீட்டு கொடுத்துவிடலாம் என்று சொல்வதும் தீர்வாகாது.

ஆகவே ஆண்டுதோறும் மாநில வரவு செலவுத் திட்டம் வரும்போது, காப்பீட்டு வரம்பு எத்தனை லட்சம் என்று பார்ப்பதோடு, ஆரம்ப சுகாதார நிலையங்களில் எத்தனை இடம் காலியாக இருக்கிறது என்றும் கேட்பது நம் கடமை. கேட்பதற்கு நமக்கு உரிமை உண்டா என்ற தயக்கம் வேண்டாம். டீசலுக்கும் தீப்பெட்டிக்கும் நாம் கொடுக்கும் விலைக்குள், அந்த மருத்துவமனைக்கான சந்தா முன்பே கட்டப்பட்டிருக்கிறது. தர்ம ஆஸ்பத்திரி வாசலில் தலைகுனிந்து நிற்கும் நடவாளும் அந்தச் சந்தாவைக் கட்டியவர்தான்.